என் மகளின் போன் பியூலா வீட்டில்

பியூலாவை எனக்குப் பிடிக்காது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கல்யாணமாகி கோரமண்டலுக்கு வந்த நாளிலிருந்து அவள் பக்கத்து வீடு. தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி இருக்கும். வெள்ளைக்காரன் காற்றுக்காக விட்டானோ, செங்கல்லை மிச்சம் பிடித்தானோ தெரியாது. அந்த வழியாகக் குழம்புக் கிண்ணம் போகும், கொத்தமல்லிக் கட்டு வரும். இரண்டு வீட்டுச் சண்டையும் டிக்கெட் இல்லாமல் போய் வரும். மற்ற லைன்களில் பலர் அதை அடைத்துவிட்டார்கள். நாங்கள் அடைக்கவில்லை. அடைத்துத் தொலைத்திருக்க வேண்டும்.

நான் ஒயிட்ஃபீல்டில் ஒரு சட்டைக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தைத்து வரும் சட்டைகளில் பிசிறு இருக்கிறதா, பட்டன் கோணலாக இருக்கிறதா என்று பார்த்துக் கழித்துக் கட்டுவது என் வேலை. குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் என்று என் வீட்டுக்காரர் திலீப் கிண்டல் செய்வார். இருட்டோடு ரயிலேறி, இருட்டிய பிறகு ரயிலில் திரும்புகிறேன். திலீப்புக்கு ஃபேக்டரியில் செகண்ட் ஷிப்ட், அவர் எனக்கும் பின்னால்தான் வருவார். ஆக, பள்ளிக்கூடம் விட்டு வரும் எங்கள் மகள் இந்து சாயங்காலம் முழுக்கத் தனியாக இருப்பாள். பத்தாம் வகுப்பு. தனியாக என்றா சொன்னேன்? போனோடு இருப்பாள்.

அந்தப் போனால் எங்கள் வீட்டில் நடந்த கூத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் பியூலா ஒன்று விடாமல் கேட்டிருப்பாள். நான் பிடுங்குவேன். இந்து அழுவாள். பாடம் வாட்சப்பில்தான் வருகிறது என்பாள். திருப்பிக் கொடுப்பேன். பார்த்தால் எவளோ ஒருத்தி உதட்டுச் சாயம் பூசுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மறுபடியும் பிடுங்குவேன்.

கடைசியில் கம்பெனியில் ஒரு பெண் எனக்கு ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். பெற்றவர்கள் தங்கள் போனிலிருந்தே பிள்ளைகளின் போனைப் பூட்டலாம். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் இந்துவின் போனில் பேச மட்டும்தான் முடியும், மற்றதெல்லாம் பூட்டிக்கொள்ளும். இன்னும் நேரம் வேண்டுமென்றால் அங்கிருந்து அவள் கேட்க வேண்டும். 'இந்து இன்னும் பதினைந்து நிமிடம் கேட்கிறாள்' என்று என் போனில் வந்து நிற்கும். கீழே இரண்டு பொத்தான்கள். கொடு, மறு.

ஆரம்பத்தில் ரயில் மாலூர் தாண்டுவதற்குள் நாலைந்து முறை கேட்டுவிடுவாள். மனம் நன்றாக இருந்தால் கொடுப்பேன். சூப்பர்வைசர் திட்டிய நாளாக இருந்தால் மறுத்துவிட்டு, போன் போட்டு அரை மணி நேரம் திட்டுவேன். பிறகு பாவமாக இருக்கும், கொடுத்துவிடுவேன். ஒரு உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கேட்பு வரும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும். நாள் முழுக்க என் மகள் என்னிடம் கேட்கிற ஒரே விஷயம் அதுதான்.

தசரா முடிந்ததும் அது நின்றுபோனது. ஒரு கேட்பும் வரவில்லை. ஆப்பைத் திறந்து பார்த்தால் ஏழு மணிக்கு மேல் போன் தொடப்படவே இல்லை என்று காட்டியது. நாள் தவறாமல் அப்படியே காட்டியது. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ரயிலில் லேடீஸ் பெட்டி முழுக்க என் பேச்சுதான். "செட்டிங்க்ஸ்ல எல்லாம் கீதுங்க. போடற விதமா போட்டா பசங்க தானா அடங்கும்" என்று சட்டமாகப் பேசினேன். ஒவ்வொருத்தியாகப் போனை நீட்டினார்கள். பங்காரப்பேட்டை வருவதற்குள் பாதிப் பெட்டிக்குப் போட்டுக் கொடுத்திருப்பேன். எப்போதும் என் எதிரில் உட்காரும் ஷைலஜாவுக்கும் போட்டுக் கொடுத்தேன். அவள் மகன் போனை வைத்துக்கொண்டு குளியலறைக்குள் போனால் வெளியே வருவதில்லையாம்.

"நீ குடுத்து வெச்சவ பாக்யா" என்றாள். அவள் கண்ணில் பொறாமை அப்பட்டமாகத் தெரிந்தது. எனக்குக் காபி குடித்த மாதிரி இருந்தது.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் பெங்களூரில் ஏதோ பந்த் என்று பேச்சு எழ, கம்பெனியில் மத்தியானமே எங்களை அனுப்பிவிட்டார்கள். கிடைத்த ரயிலில் ஏறி, பொழுது சாயும்போதே வீட்டுக்கு வந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. செருப்பைக் கழற்றும்போது உள்ளே இந்துவின் குரல் கேட்டது.

"ஆன்ட்டி, ரெடியா?"

எட்டிப் பார்த்தேன். நடுச்சுவர் ஓரம் கிடந்த டிரங்குப் பெட்டி மேல் என் மகள் ஏறி நின்றுகொண்டிருந்தாள். கையில் போன். சுவரின் மேல் இடைவெளிக்கு அதை நீட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வந்து அதை வாங்கிக்கொண்டது. கண்ணாடி வளையல் போட்ட பியூலாவின் கை.

"ஆஃப் பண்ணியா?" என்றது பியூலாவின் குரல்.

"பண்ட்டேன்."

"காலைல வாங்கிக்கோ. போய்ப் படி கண்ணு."

கண்ணு! நான் அப்படிக் கூப்பிட்டால் "சும்மா ஸீன் போடாதம்மா" என்பாள் இந்து. இப்போது சிரித்தாள். சிரித்துக்கொண்டே பெட்டியிலிருந்து குதித்தவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாம்மா, இவ்ளோ பேகா, வெளிச்சத்துலயே வந்துட்ட?"

"எத்தினி நாளா நடக்குது இது?"

"தசரா லீவுலேர்ந்து."

"அவ கேட்டாளா?"

"அவங்க ஏன் கேக்கறாங்க? நான்தான் குட்த்தேன். அன்னைக்கு நான் அழுதுகினு இருந்தேன். அவங்க சுவத்து மேல எட்டிப் பாத்து இன்னாச்சுன்னாங்க. போன வெக்க முடியல ஆன்ட்டின்னேன். சரி, எங்கிட்ட குடுன்னாங்க."

"அதுக்குத்தான் நான் லாக் போட்டு வெச்சிருக்கேனே!"

இந்து என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "அந்த லாக்கா? போன்ல டைம மாத்துனா தொறந்துக்கும்மா. எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும்."

நான் போட்டுக் கொடுத்த அத்தனை போன்களும், அத்தனை தாய்மார்களும் வரிசையாகக் கண் முன்னால் வந்து போனார்கள். அந்த வெட்கம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. வயிறுதான் எரிந்தது. என் மகளுக்கு உலகத்தில் அந்தப் போனைவிடப் பெரிய பொருள் கிடையாது. முன்பெல்லாம் தூக்கத்தில்கூடத் தலையணைக்கு அடியில் வைத்துக் கையால் பிடித்திருப்பாள்; இத்தனை நாளாக ராத்திரியில் அது வீட்டிலேயே இல்லாததை நான் கவனிக்கவில்லை. அதை என்னிடம் ஒரு தடவையாவது தானாகக் கொடுத்திருப்பாளா? விரல் விரலாகப் பிரித்துத்தான் பிடுங்கியிருக்கிறேன். அதை இவள் பெட்டி மேல் ஏறி, எக்கி, சிரித்துக்கொண்டே பியூலாவிடம் கொடுக்கிறாள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்திருந்தால்கூட நான் இவ்வளவு துடித்திருக்க மாட்டேன்.

"எங்கிட்ட குடுக்கறதுக்கு இன்னா?"

"நீ எங்க கீற? ட்ரெயின்ல கீற."

பேச ஒன்றுமில்லாதபோது எனக்குக் கோபம் இரண்டு மடங்காகும். நேராகப் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனேன்.

பியூலா நர்சரி பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறாள். மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவாள். கணவர் இல்லை. ஒரே மகள் மங்களூரில் நர்சிங் படிக்கிறாள். தரையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் மனையை நகர்த்திப் போட்டாள். நான் உட்காரவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன் பாக்யா. நீ வர்றதும் சாப்ட்டுப் படுக்கறதும் சரியா கீது. பொண்ணு நல்லா படிக்குது, அப்பறம் எதுக்குன்னு உட்டுட்டேன்."

"போன் எங்க?"

எழுந்து அரிசி டின்னின் மூடியைத் திறந்தாள். அரிசி மேல் இந்துவின் போன் இருந்தது. அதை ஒட்டி இன்னொன்று.

"அது என்னுது. அவ குடுத்ததும் என்னுதையும் போட்டுர்றேன். இல்லேன்னா நான் ஒரு பக்கம் பாத்துகினு குந்தினு இருப்பேன். அது சத்தம் கேட்டா இவ எப்பிடி படிப்பா?"

அக்காவும் தங்கையும் போல இரண்டு போன்களும் ஒன்றாகப் படுத்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! இந்துவின் போனை மட்டும் எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டேன்.

"இனிமே வேணாங்க்கா. எம் பொண்ண நான் பாத்துக்கறேன்."

பியூலா டின்னை மூடினாள். "சரி பாக்யா" என்றாள். சண்டைக்காவது வருகிறாளா பாருங்கள். வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அன்றிலிருந்து நடுச்சுவர் வழியாக எதுவும் போகக் கூடாது என்று இந்துவிடம் சொல்லிவிட்டேன். போன் அவளிடமே இருக்கட்டும், ஏழு மணிக்குப் பூட்டிக்கொள்ளும், நேரம் வேண்டுமென்றால் என்னைக் கேட்கட்டும் என்றேன். நேரத்தை மாற்றித் திறந்தால் போனே கிடையாது என்றும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். பியூலாவின் பெயரை அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை. அந்த மௌனமும் என்னைக் குடைந்தது. மனதுக்குள் என்னையும் அவளையும் தராசில் வைத்துப் பார்க்கிறாளோ என்று தோன்றியது.

மறுநாள் சாயங்காலம் ரயிலில் போன் அதிர்ந்தது. 'இந்து இன்னும் பதினைந்து நிமிடம் கேட்கிறாள்.'

கொடுத்தேன். உடனே இதயப் படம் ஒன்று வந்தது, கூடவே 'லவ் யூமா'. பியூலா அவளிடமிருந்து வாங்கத்தான் செய்தாள். நான் கொடுக்கிறவள். யார் பெரியவள் என்று இப்போது தெரிந்துகொள்ளட்டும். கால் மணி நேரம் கழித்து மறுபடி கேட்டாள். மறுபடி கொடுத்தேன். மறுபடி இதயம்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஒயிட்ஃபீல்டில் ஏறி உட்கார்ந்ததும் போனைக் கையிலேயே வைத்திருப்பேன். கேட்பு வரச் சற்று தாமதமானால் உள்ளுக்குள் படபடக்கும். டவர் இல்லையோ, இல்லை, மறுபடியும் பெட்டி மேல் ஏறிவிட்டாளோ என்று நினைப்பு போகும். வந்ததும்தான் மூச்சு விடுவேன். ஆப்பில் அவள் போன் பார்த்த நேரம் சிவப்புக் கோடாக நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டே போனது. கம்பெனியில் ஒரு சட்டையில் அத்தனை குறை இருந்தால் தொடாமலே தூக்கிப் போட்டிருப்பேன். இதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி மூடி வைத்தேன்.

"இன்னா பாக்யா, குடுத்துகினே கீற?" என்றாள் ஷைலஜா, எட்டிப் பார்த்துவிட்டு.

"ரொம்ப இறுக்கக் கூடாதுங்க" என்றேன். அவள் மகன் அந்த லாக்கை உடைத்துவிட்டானா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்குப் பியூலா கேக் கொண்டுவந்தாள். சுவர் வழியாக நீட்டாமல், வாசல் வழியாக வந்து கொடுத்தாள். இந்துவின் தலையைத் தடவி, "படிக்கிறியா?" என்று கேட்டாள். இந்து தரையைப் பார்த்தபடி "ம்" என்றாள். எனக்குக் காதில் புகை வந்தது. ஒரு வார்த்தையில் கேட்டுவிட்டுப் போகிறாள், நான் கேட்டால் அது போலீஸ் விசாரணை. கேக் ரொம்ப நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

பொங்கல் கழிந்து பள்ளிக்கூடத்தில் பொதுத்தேர்வுக்கு முந்தைய தேர்வு வைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்து கணக்குத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஃபெயில். வகுப்பில் இரண்டாவதாக வந்தவள்.

திலீப் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். வீட்டில் புயல் வரும்போது அவருக்கு எப்போதும் கடையில் வேலை இருக்கும்.

நான் ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று தெரிந்தும் குரலைக் குறைக்க முடியவில்லை. "கேக்கும்போதெல்லாம் குட்த்தனேடி! எந்த அம்மா குடுப்பா? அதுக்கு நீ குடுக்கற மரியாத இதுவா?"

இந்து அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஏம்மா குட்த்த?"

"இன்னாது?"

"ஏன் குட்த்தன்னு கேக்கறேன். லாக்க எடுக்கத் தெரியும்னு அன்னைக்கே உங்கிட்ட சொன்னேன்ல. எனக்கு வேணும்னா நானே தொறந்துகினு பாத்திருக்க மாட்டேனா? நீ ட்ரெயின்ல கீற, உனக்குத் தெரியவா போகுது? எதுக்கு உங்கிட்ட கேட்டேன்?"

"எதுக்கு?"

"நீ வேணாம்னு சொல்லுவேன்னுதாம்மா கேட்டேன்."

அவள் நிறுத்தவில்லை.

"ஒவ்வொரு வாட்டியும் இப்ப வேணாம்னுவா, இப்ப வேணாம்னுவான்னு பாத்துகினே இருப்பேன். நீ டக்குனு குட்த்துடுவ. குட்த்ததுக்கு அப்பறம் என்னால வெக்க முடியாது. அந்த ஆன்ட்டி ஒரு நாள்கூட குட்த்ததில்ல. ப்ளீஸ்னு கெஞ்சுனாலும் 'காலைல'ன்னுவாங்க, அவ்ளோதான். திட்ட மாட்டாங்க. அப்பறம் பாவம்னு குடுக்கவும் மாட்டாங்க."

உள்ளே போய் அடுப்பு முன்னால் நின்றேன். அடுப்பில் ஒன்றுமில்லை, சும்மா நின்றேன். அழுகை வந்தது. மகள் தேர்வில் தோற்றதற்காக என்று சொன்னால் நல்ல அம்மாவாகத் தெரியும். அது காரணம் இல்லை. நான் விட்டெறிந்த ஒரு வார்த்தையை, 'மறு' என்கிற அந்த ஒரு வார்த்தையை, பியூலா எடுத்து வைத்துக்கொண்டு என் மகளை ஜெயித்துவிட்டாளே என்றுதான் அழுகை வந்தது. அந்த வார்த்தை என் போனிலேயே இருந்தது. பெருவிரலை அரை அங்குலம் தள்ளி வைத்திருந்தால் போதும்.

சாயங்காலம் துணி எடுக்க வெளியே போனபோது பியூலாவும் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருப்பாள். கேட்காத மாதிரி நின்றாள். பிறகு, "பரிட்ச முடியற வரைக்கும் வேணும்னா வாங்கி வெச்சிக்கட்டுமா பாக்யா?" என்றாள்.

அதுதான் புத்திசாலித்தனம். சுலபமும்கூட. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"வேணாங்க்கா. நானே சொல்லிக்கறேன்."

என் பொறாமை சொன்ன பதில்தான் அது, மறைக்கவில்லை. மகளின் படிப்பை வைத்துச் சூதாடுகிறேனோ என்று ராத்திரி படுக்கும்வரை பயமாகவே இருந்தது. ஆனாலும் கேட்கிற பிள்ளைக்கு இல்லை என்று சொல்கிற இடத்தை இன்னொருத்திக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை ரயிலில் கூட்டம். ஷைலஜா ஜன்னலோரம் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாள். ஏழு மணி தாண்டியதும் கையில் போன் அதிர்ந்தது. 'இந்து இன்னும் பதினைந்து நிமிடம் கேட்கிறாள்.'

மறுத்தேன். போன் போட்டுத் திட்டக் கை பரபரத்தது. திட்டவில்லை.

இரண்டாவது கேட்பு வந்தது. மறுத்தேன்.

மூன்றாவது கேட்போடு ஒரு குறிப்பும் வந்தது. 'அம்மா ப்ளீஸ், ஃப்ரெண்டு பர்த்டே, விஷ் மட்டும் பண்ணிட்டு வெச்சிடறேன்.' கண்ணீர் விடும் முகங்கள் நாலு. இன்றைக்கு இதயப் படம் வராது. இவள் என்னை வெறுத்துவிட்டு டிரங்குப் பெட்டி மேல் ஏறிவிடுவாள், அந்தப் பக்கம் அந்த வளையல் கை தயாராக இருக்கும். பெருவிரல் 'கொடு'வின் பக்கம் தானாகப் போனது. ஷைலஜா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை இழுத்து 'மறு'வை அழுத்திவிட்டு, போனைக் கைப்பையில் போட்டு ஜிப்பை மூடினேன். கோரமண்டல் வரும்வரை திறக்கவில்லை. அந்த ரயில் இத்தனை மெதுவாகப் போகும் என்று அன்றுதான் தெரிந்தது.

வீட்டில் விளக்கு எரிந்தது. இந்து கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன் அலமாரி மேல் கிடந்தது. நான் உள்ளே வந்ததும் புத்தகத்தைப் படாரென்று மூடினாள்.

"நீ ரொம்ப மோசம்மா. ஒரு விஷ்! ஒரே ஒரு விஷ்! எல்லாரும் போட்டாங்க, நான் மட்டும்தான் போடல. இன்னா நெனச்சிருப்பா அவ?"

"காலைல போடு" என்றேன்.

"எனக்குச் சாப்பாடு வேணாம். எங்கிட்ட பேசாத, போ!"

உள்ளறைக்குப் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள். சுவரிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. அந்தப் பக்கம் பியூலாவின் குரல் எழுந்தது.

"இந்து? இன்னாச்சு கண்ணு?"

நான் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றேன். என் காது முழுக்க அந்தக் கதவில் இருந்தது. இப்போது இவள் ஒரு வார்த்தை அழுதுகொண்டு சொன்னால் போதும், எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி" என்றாள் இந்து, கோபம் அடங்காத குரலில். "எங்கம்மாவுக்கும் எனக்கும் சண்ட. நீங்க போய்ப் படுங்க."

நான் முகம் கழுவிவிட்டு வந்து தட்டில் சோறு போட்டேன். இந்து வெளியே வரவில்லை, கூப்பிட்டதற்கும் பதில் இல்லை. என் மகள் என்மேல் அத்தனை கோபமாக இருந்தாள். அதில் பியூலாவுக்கு ஒரு துளிகூடப் பங்கு கிடையாது.